தோற்றவளே சொல்ல வேண்டும்

மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த சலவைப் பிரிவில் காலை ஏழு மணிக்கே நீராவி எழுந்துவிடும். எட்டு மணிக்குள் எதிரில் நிற்பவரின் முகம் பாதி தெரியும், பாதி கரைந்திருக்கும். பதினோரு ஆண்டுகளாக அவள் அங்கே உருளை இயந்திரத்தின் முன் நிற்கிறாள். இந்தப் பக்கம் ஈரமும் சுருக்கமுமாக நுழையும் விரிப்பு, அந்தப் பக்கம் வெதுவெதுப்பாக வழுவழுவென்று வெளிவரும். ஓரம் கோணினால் மறுபடி நனைக்க வேண்டும். அவள் கையில் ஓரம் கோணியதே இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓரம் கோணியது. நீராவிக்குள்ளிருந்து அவளுடைய நாத்தனார் வந்து நின்றதுதான் காரணம்.

"அண்ணி, இங்க எப்படி வந்தீங்க?"

"கதவு வழியாத்தான். வேன ஆம்புலன்ஸ் நிக்கற இடத்துல விட்டிருக்கேன், சீக்கிரம் கேளு. ஞாயித்துக்கிழம உன்னோட மோத இருந்தவளுக்கு முட்டி வீங்கிப்போச்சாம். வரமாட்டாளாம்."

நாத்தனார் அவள் கணவனுக்கு மூத்தவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். முதல் நடைக்கும் இரண்டாம் நடைக்கும் இடையே கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள்.

அவள் விரிப்பை உருளைக்குள் விட்டபடியே திரும்பிப் பார்த்தாள். கூண்டுச் சண்டையில் அது அவளுக்கு முதல் ஆட்டம். அதில் வென்றால் ஓராண்டு ஒப்பந்தம் என்று, எப்போதும் சென்ட் மணக்கும் ஏற்பாட்டாளர் வாக்களித்திருந்தார்.

"அப்போ ரத்தா?"

"ரத்துன்னுதான் சென்ட் பாட்டில் அழுதாரு. வேற யாராவது கிடைப்பாங்களான்னு எனக்குப் போன் பண்ணாரு. நானே வரேன்னுட்டேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லையா? வேற எவளோ உன்ன அடிக்கறதுக்கு நான் அடிச்சா, குடும்பத்தோட போச்சு."

சொல்லிவிட்டு நாத்தனார் நீராவிக்குள் புகுந்து மறைந்தாள். செருப்புச் சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்டது. விரிப்பு மடிப்பு விழுந்து வெளியே வந்தது.

இருவரும் ஒரே பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள். டயர்க் கடையின் மாடியில் நீளமான ஓர் அறை; தரையில் நைந்த பாய் விரிப்புகள்; சன்னல்களுக்கு வெளியே அடுக்கிய டயர்களின் வாசனை. அதை நடத்துபவர் ஒரு பல் மருத்துவர். காலை ஐந்து முதல் ஏழு வரை பிடியும் பூட்டும் சொல்லிக்கொடுப்பார். ஒன்பது மணிக்குப் பல் பிடுங்கப் போய்விடுவார். சுவரில் கோப்பை கிடையாது, பட்டியல் கிடையாது. யார் யாரை எத்தனை முறை வென்றார் என்று எழுதி வைக்க அங்கே ஒரு பென்சில்கூடக் கிடையாது.

ஒரே ஒரு வழக்கம் மட்டும் உண்டு. அதில் யாருக்கும் விலக்கு இல்லை. பிடியில் சிக்கியவர் இனித் தாங்காது என்று உணர்ந்தால், எதிராளியின் உடம்பில் இரண்டு விரல் நுனியால் இரண்டு முறை தொட வேண்டும். ஓங்கித் தட்டக் கூடாது, தொட்டாலே போதும். தொட்ட கணமே மற்றவர் விட்டுவிட வேண்டும். பிறகு இருவரும் எதிரெதிரே முழங்காலிட்டு, தொடைமேல் கைவைத்து உட்கார வேண்டும். தோற்றவர் வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி, "ஒப்புக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை வென்றவர் வாயைத் திறக்கக் கூடாது. தோற்றவர் சொல்லாமலே போனால் வென்றவர் ஆயுள் முழுக்கவும் சொல்லக் கூடாது.

"ஜெயிச்சவருக்குத் தெரியும்ல, அப்புறம் அவர் எதுக்குச் சொல்லணும்?" என்பார் பல் மருத்துவர். "தோத்தவருக்குத் தெரிஞ்சுதாங்கறதுதான் நமக்கு வேணும்."

ஒன்பது ஆண்டுகளில் அவள் நாத்தனாரிடம் அந்தச் சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எண்ணினால் தலை சுற்றும். நாத்தனார் வாயிலிருந்து அது வந்து அவள் ஒரு முறையும் கேட்டதில்லை. அவள் சோடை இல்லை. டயர்க் கடைக்காரரை மடக்கியிருக்கிறாள். பல் மருத்துவரையே இரண்டு முறை மடக்கியிருக்கிறாள். ஆனால் நாத்தனாரின் கை எப்போது புறப்பட்டது என்று தெரியாது. தெரியும்போது அது கழுத்தைச் சுற்றியிருக்கும். வீட்டிலும் அப்படித்தான். திரைச்சீலையின் நிறத்திலிருந்து விடுமுறைப் பயணம் வரைக்கும் எந்த வழக்கிலும் தீர்ப்பு நாத்தனார் பக்கமே விழும்.

அதனால்தான் அவள் கூண்டுக்குப் போனாள். அங்கே வென்றவரின் கையை முன்பின் தெரியாத ஒருவர் பிடித்து உயர்த்துகிறார். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். தோற்றவரின் சொல்லுக்காக யாரும் காத்திருப்பதில்லை. தன் கை அப்படி ஒரு முறை உயர வேண்டும் என்பதே அவள் ஆசை. நாத்தனாருக்கு எதிராகவே உயரும் வாய்ப்பு வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை; வந்தபின் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

பல் மருத்துவரிடம் சொன்னபோது அவர் யாருடைய வாய்க்குள்ளோ சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருமா? போறதுன்னா போங்க. திங்கக்கிழம தரை துடைக்கற முறை உங்களோடது. மறந்துடாதீங்க" என்றார், நிமிராமல்.

சென்ட் பாட்டில் என்று நாத்தனார் பெயர் சூட்டிய ஏற்பாட்டாளர் வியாழக்கிழமை இருவரையும் படம் எடுக்க அழைத்தார். கறுப்புத் திரைக்கு முன்னால் மூக்கோடு மூக்கு உரச நிற்கவைத்தார்.

"முறைங்க! கண்ணுல நெருப்பு வரணும்!"

மூக்கு உரசியதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெருப்பு வரவில்லை. நாலைந்து முறை முயன்று ஓய்ந்தபின், "உங்களுக்குள்ள நிஜமாவே ஒரு கோபமும் கிடையாதா?" என்று அவர் கெஞ்சலாகக் கேட்டார்.

"கோபம்னா," என்று நாத்தனார் யோசித்தாள், "நான் குடுத்த மிக்சிய ரெண்டு வருஷமா இவ திருப்பித் தரல."

"அது நீங்க குடுக்கும்போதே ஓடல அண்ணி!"

"ஓடாத மிக்சிய எதுக்கு வெச்சிருக்க?"

"ரிப்பேர் பண்ணித் தரலாம்னு உங்க தம்பிதான்..."

"அவன இழுக்காத. அவன் என்ன பண்ணுவான் பாவம், நீ சொல்றதுக்கு மண்டைய ஆட்டறான்."

"யாரு, நான் சொல்றதுக்கா?"

விளக்குகள் மின்னின. மறுநாள் ஊர்ச் சுவர்களில் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் தலைக்கு மேல் 'புயல்' என்றும் நாத்தனாரின் தலைக்கு மேல் 'பூகம்பம்' என்றும் எழுதியிருந்தது. கீழே சிவப்பில் 'குடும்பப் பகை'.

"பேரு வெச்சவர் வீட்ல வானிலை அறிக்கை மட்டும்தான் ஓடும்போல" என்றாள் நாத்தனார்.

அவள் கணவன் தையற்காரன். இரண்டு பெண்களுக்கும் நடுவே பொறுமையால் தைக்கப்பட்டவன். யாருக்குக் கைதட்டுவாய் என்று அக்காள் கேட்டதற்கு, "கண்ண மூடிட்டுத் தட்டுவேன். யார் மேல விழுதோ விழட்டும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. உள்ளரங்கத்தின் நடுவில் எண்கோணக் கூண்டு. மேலிருந்து கொட்டிய வெளிச்சத்தில் கம்பிவலை வெள்ளியாகி, பின்பு புகையாகி, பின்பு இல்லாமலே போனது. கூட்டத்தின் சத்தம் நீருக்கடியில் கேட்பதுபோல எட்டத்திலிருந்து வந்தது. பெயர்களை அறிவித்தவர் ஒவ்வோர் எழுத்தையும் ரப்பராக இழுத்தார். கூண்டின் வாசலில் நின்று இருவரும், பழக்கத்தால், ஒரே நேரத்தில் கைகுவித்துத் தலைதாழ்த்தினார்கள். கூட்டம் அதை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தது.

முதல் சுற்றில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. இரண்டாம் சுற்றின் மூன்றாம் நிமிடத்தில், எப்போது புறப்பட்டது என்று தெரியாத அந்தக் கை அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது.

அவள் வலையோரமாக ஒருக்களித்துக் கிடந்தாள். நாத்தனாரின் மார்பு அவள் முதுகில் ஒட்டியிருந்தது. நடுவர் மறுபக்கம் குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மெல்ல உருகி வழிந்தது. கூண்டுக்கு மேலே, உருளையே இல்லாமல், வெள்ளை விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து மிதந்தன. அவற்றின் ஓரங்கள் கோணவில்லை. அவை அவள்மேல் வந்து படியப் படிய உடம்புக்கு எடை குறைந்தது. எங்கோ வெதுவெதுப்பாக இருந்தது. தன் இடக்கை பின்புறமாகப் போவதை அவள் வேறு யாருடைய கையோ போவதுபோல உணர்ந்தாள். கையுறைக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு விரல் நுனிகள் ஈரத்துணியைத் தொட்டன. துணியின் கீழ் விலா எலும்பு. அந்த இடத்தில் கடுகளவு ஒரு நூல்முடிச்சு. விரல்கள் ஒரு முறை தொட்டன. இன்னொரு முறை தொட்டன.

கழுத்திலிருந்த கை திறந்தது.

காற்று குடம் குடமாக உள்ளே வந்தது. கூட்டம் எழுந்து நின்று அலறியது. "உடைச்சிட்டாங்க! புயல் பிடிய உடைச்சிட்டாங்க!" என்று ஒலிபெருக்கி கத்தியது. அவள் புரண்டு முழங்காலில் எழுந்தாள். எதிரே நாத்தனார் முழங்காலிட்டு, தொடைமேல் கைவைத்து, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கூண்டில் இல்லை; டயர்க் கடையின் மாடியில், நைந்த பாய்மேல், அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். ஒன்பது ஆண்டுப் பழக்கம் அவளை உட்காரவைத்துவிட்டது.

ஒரு மூச்சு நேரம் இருந்தது. ஒரு சொல்லுக்கு அது தாராளம். பற்களுக்கிடையே இருந்த காப்பு வாயை நிறைத்திருந்தது. 'பூகம்பம் களைச்சுப்போச்சு!' என்று யாரோ கத்தினார்கள். உயரும் கையை அவள் பார்த்தாள். இன்னும் உயராத கையை.

குத்து அவளை முந்திக்கொண்டு நாத்தனாரின் முகத்துக்குப் போனது. இரண்டாவதும் போனது. நாத்தனாரின் கைகள் தொடையைவிட்டு எழும்புமுன் மூன்றாவதும் போனது. நடுவர் பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

அதன்பின் முன்பின் தெரியாத ஒருவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினார். ஆசைப்பட்டபடியே நடந்தது. கை உயர்ந்தபோது அது தன்னுடையதாக இல்லாமல், ஈரம் உலர்ந்த விரிப்புபோல எடையற்றிருந்தது. எதிரில் நாத்தனார் உதட்டில் இரத்தத்தோடு கைகுவித்து நின்றாள். பேருந்து இன்னும் வரவில்லை என்பதுபோல அவளைப் பார்த்தாள்.

அன்று மாலை நாத்தனார் கண்ணில் பனிக்கட்டிப் பையை அழுத்திக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். முன்பல் ஒன்றின் முனை உடைந்திருந்தது.

"'ச' சொன்னா விசில் வருது, பாரு. சனிக்கிழம, சமையல், சக்கரம். நாளைக்கு நான் வேன் ஹாரனே அடிக்க வேண்டாம்."

கணவன் சிரித்தான். அவளும் சிரிக்கவேண்டிய அளவுக்குச் சிரித்தாள். அவன் தேநீர் போட உள்ளே போனதும், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணி, ஏன் விட்டீங்க?"

நாத்தனார் பனிக்கட்டிப் பையை ஒரு கண்ணிலிருந்து எடுக்காமல் மற்றக் கண்ணால் அவளைப் பார்த்தாள். "அது நான் பேசற விஷயம் இல்ல" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "டேய், சர்க்கரய அள்ளிக் கொட்டாத!" என்று விசிலடித்தாள்.

அடுத்த நாட்கள் நீருக்குள் நடப்பதுபோலப் போயின. சலவைப் பிரிவில் அவளைக் கண்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். மேற்பார்வையாளர் தம் மகளுக்காக அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். கைப்பேசிகளில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. அவளும் பார்த்தாள். ஒளிப்பதிவுக் கருவி நடுவரின் பக்கம் இருந்தது. அவள் முகம் தெரிந்தது, பின்னால் போன கை தெரியவில்லை. கழுத்தில் இருந்த பிடி தானாகத் தளர்ந்தது, 'பூகம்பம்' முழங்காலில் சரிந்து உட்கார்ந்தது, அடி விழுந்தது. அவ்வளவுதான். அதன் கீழே முகம் தெரியாதவர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள்: பூகம்பம் தூங்கிவிட்டது, பூகம்பத்துக்குத் தலையணை கொடுங்கள்.

கருவியில் இல்லை. நடுவர் கண்ணில் இல்லை. பிறகு எங்கே இருந்தது? கழுத்து நெரிபடும்போது மூளை எதையெதையோ காட்டும். விரிப்புகள் மிதந்தன அல்லவா? கூண்டில் ஏது விரிப்பு? அது கனவு என்றால் இரண்டு தொடுகையும் கனவுதான். அந்த எண்ணம் அவளுக்கு இதமாக இருந்தது. அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு மூன்று நாள் தூங்கினாள். திங்கட்கிழமை பயிற்சிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினாள். தரையை அவளுக்குப் பதிலாகப் பல் மருத்துவரே துடைத்தாராம்.

புதன்கிழமை கணவன் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தான். "அக்காவோட ஞாயித்துக்கிழமத் துணி. இரத்தக்கறை போகலயாம். நீ தொட்டாப் போகும்னு குடுத்தா."

கறை நீக்குவது அவள் தொழில். குளிர்ந்த நீரில் உப்பைக் கரைத்து, நாத்தனார் அணிந்திருந்த கறுப்புப் பனியனை ஊறவைத்தாள். அலசிப் பிழிந்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். திருப்பியபோது இடப்பக்க விலாவின் தையலில் விரல் நுனி தடுக்கியது. கடுகளவு ஒரு நூல்முடிச்சு.

அவள் குழாயை மூடினாள்.

"இத எப்போ தைச்சீங்க?"

"ஞாயித்துக்கிழம காலைல. நீ எடை பாக்கப் போயிட்ட. அவங்க குடுத்தது அக்காவுக்குத் தொளதொளன்னு இருந்துச்சு, பிடிச்சுக் குடுத்தேன். அவசரத்துல முடிச்ச வெட்ட மறந்துட்டேன். குத்திருச்சாமா?"

அந்தப் பனியனை அதற்குமுன் அவள் தொட்டதில்லை. சண்டை முழுவதிலும் அவள் விரல் நுனி அந்த இடத்தில் பட்ட நேரம் ஒன்றே ஒன்றுதான். தொட்டுப் பார்த்திராத ஆடையின் தைத்துமுடித்த இடத்தை எந்தக் கனவும் காட்டித் தராது. ஈரப் பனியனை மறுபடி திருப்பி, வெளிப்பக்கத்திலிருந்து அதே இடத்தை அவள் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் முழங்கை வழியே சொட்டித் தரையில் பரவியது. மூன்று நாளாகத் தலைக்கு வைத்திருந்தது உருவப்பட்டுவிட்டது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஒப்பந்தக் கையெழுத்து. சென்ட் பாட்டிலின் அறையில் மலர்க்கொத்து இருந்தது. புதிய சுவரொட்டியும் இருந்தது, அதில் அவள் தனியாக நின்றாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"சார், ஒண்ணு சொல்லணும். நான் ஜெயிக்கல. நான் தட்டினேன். அதனாலதான் அவங்க விட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கெட்டவர் இல்லை அவர்; பொறுமையாகவே கேட்டார். "ரெஃப்ரி பாத்தாரா?"

"இல்ல."

"கேமரால இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? யாரும் பாக்காதது நடக்காததுதான். கழுத்த நெரிச்சா எல்லாருக்கும் கனவு வரும். ஒருத்தர் எந்திரிச்சு, 'சார், எங்க ஒண்ணாங் கிளாஸ் டீச்சர் வந்தாங்க'ன்னு என்னக் கட்டிப் பிடிச்சு அழுதாரு. அதுமாதிரிதான் இதுவும்."

அவள் தானே தனக்குச் சொல்லிக்கொண்ட அதே சொற்கள், இப்போது வாசனை பூசிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தன. தலையாட்டினால் போதும், மீதியை உலகம் பார்த்துக்கொள்ளும்.

"அவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"உங்க அண்ணிக்கா? அப்போ ஏன் சும்மா இருக்காங்க? இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். தோத்தவங்க ஒருத்தர்கூட இங்க வந்து கத்தாம போனதில்ல. நிஜமாவே அவங்க ஜெயிச்சிருந்தா, இந்நேரம் இந்த மேசைய ஒடச்சிருப்பாங்க."

ஜெயித்ததனால்தான் சும்மா இருக்கிறாள் என்பதை அவருக்கு எந்தச் சொல்லால் விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அறையில் அதற்குச் சொல் இருந்ததாகவும் தோன்றவில்லை.

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "இருங்க, இருங்க. இதையே மேடையில சொல்லுங்களேன்! அழுதுகிட்டே சொல்லணும். மறு ஆட்டம் அறிவிச்சா டிக்கெட் பறந்துடும். 'உண்மை ஜெயிக்குமா?' தலைப்பே வந்துடுச்சு பாருங்க!"

"படிச்சுப் பாத்துட்டுத் தரேன்" என்று தாள்களை வாங்கிக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள். தெருமுனை வரைக்கும் வாசனை கூடவே வந்தது. அன்று பிற்பகல் முழுவதும் உருளை சுழன்றது. விரிப்புகள் நேராகவே வந்தன. வேலை முடிந்து போகும் வழியில், கையெழுத்தில்லாத தாள்களை அவருடைய அலுவலகக் கதவின் இடுக்கில் செருகிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு நாத்தனாரின் வேன் குடியிருப்பின் மூலையில் வந்து நிற்கும். பிள்ளைகளை ஏற்ற வந்த பெற்றோர் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். இலேசான பனி. தெருவிளக்கு அணைக்கப்படாமல் பகலில் எரிந்துகொண்டிருந்தது. இடக்கண்ணின் வீக்கம் வற்றி மஞ்சளாகியிருந்த நாத்தனார், சன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பூகம்பம் மேடம், வண்டி ஓட்டும்போது தூக்கம் வராதே?" என்றார் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தகப்பனார்.

"வந்தா உங்கள எழுப்பிவிடச் சொல்றேன் சார்" என்றாள் நாத்தனார், விசிலோடு.

அவள் நடைபாதையிலிருந்து இறங்கி ஓட்டுநர் சன்னலின் முன் வந்து நின்றாள். முழங்காலிட இடம் இல்லை. காலடியில் சாக்கடை மூடி. கைகளை மட்டும் தொடையோடு சேர்த்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒப்புக்கிட்டேன்."

இயந்திர இரைச்சலில் அது போன இடம் தெரியவில்லை. நாத்தனார் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாள். வண்டி நின்றதும் உள்ளே பிள்ளைகளின் இரைச்சலும் நின்றுவிட்டது.

"கேக்கல. எல்லாருக்கும் கேக்கணும்ல?"

"ஒப்புக்கிட்டேன்!" என்று அவள் உரக்கச் சொன்னாள். பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டாவது ரவுண்டுல நான் தட்டினேன். ரெண்டு தரம் தட்டினேன். அதனாலதான் நீங்க விட்டீங்க. நீங்க தூங்கல, காத்துகிட்டிருந்தீங்க. அப்போதான் நான் அடிச்சேன்."

கழுத்துப்பட்டைக்காரர் தம் பையனின் தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நாத்தனார் தலையைத் தாழ்த்தி, நிமிர்த்தினாள். கூடத்தில் செய்வதுபோலவே, அவசரமில்லாமல். "சரி" என்றாள். "தட்டினது ஒண்ணு, அடிச்சது இன்னொண்ணு. முதல் விஷயத்துக்கு நம்மகிட்ட வார்த்த இருக்கு. நீ சொல்லிட்ட, அது முடிஞ்சுது. ரெண்டாவதுக்கு நம்மகிட்ட வார்த்தயே இல்ல. காத்துகிட்டு உக்காந்தவங்கள இதுவரைக்கும் யாரும் அடிச்சதில்லயே."

"தெரியும் அண்ணி."

"அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல. அஞ்சு நாளா யோசிக்கறேன். உன்ன ஒரு அறை விடலாமான்னுகூட நினைச்சேன்."

"விடுங்க."

"உன் வசதிக்கா?" நாத்தனாரின் குரல் முதல் முறையாகத் தடித்தது. கண்கள் சிவந்தன. வண்டிக்கண்ணாடியில் படிந்த பனியைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு கையை நீட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறு. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விடறேன். நேரமாச்சு."

அவள் ஏறினாள். கடைசிப் பையனும் ஏறினான். வேன் புறப்பட்டது. மூன்றாம் தெருவில், நாத்தனார் அடக்கிவைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது.

"ஆமா, கழுத்த அப்படியா குடுப்பாங்க? ஒம்போது வருஷமா அதே தப்பு! தாடைய மாரோட ஒட்டுன்னா நீ என்ன பண்ற? மேல பாக்கற! மேல என்ன இருக்கு?"

"விரிப்பு இருந்துச்சு அண்ணி."

"என்னது?"

"ஒண்ணும் இல்ல. சொல்லுங்க."

"வலது தோளக் கீழ போட்டு உள்பக்கமா ஒரு திருப்பு. நான் எங்க போவேன்? எனக்கு வழியே கிடையாது. நீ வெளிப்பக்கமாத் திரும்பற. கதவத் திறந்து வெச்சுட்டுக் கள்ளன் வந்தான்னு அழற மாதிரி. இப்படிப் பாரு." ஒரு கை சக்கரத்திலும் ஒரு கை அவள் தாடையிலுமாக நாத்தனார் காட்டினாள். அவள் தாடையைத் தாழ்த்தி, தோளை இறக்கி, உள்பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். "அதான்! அதத்தான் சொல்றேன்! இன்னும் கொஞ்சம் கீழ. மூச்சப் பிடிக்காத..."

வெளியே பனி மரங்களைத் தாண்டித் தாண்டி வந்தது. பின்னிருக்கையிலிருந்து ஒரு சின்னக் குரல், மிகவும் மரியாதையாக, இரண்டாம் முறையாகச் சொன்னது: "ஆன்ட்டி, ஸ்கூல் போயிடுச்சு."